கழித்துக் கட்டிய பக்கங்கள்

பழைய பத்திரிகை ஒன்றின் நூற்றாண்டு மலரோ தொகுப்பு நூலோ வெளிவரும் போதெல்லாம் எனக்கு ஓர் எரிச்சல் எழுகிறது. அதில் தலையங்கங்கள் இருக்கும். ஆசிரியருக்கு வந்த கடிதங்களுள் காரசாரமானவை இருக்கும். வாழ்த்துப்பாக்களும் இரங்கற்பாக்களும் இருக்கும். அந்தப் பத்திரிகைக்குக் காசு கொடுத்து அதைத் தாங்கி நிறுத்திய விளம்பரங்களும் அறிவித்தல்களும் மட்டும் இரா. தொகுத்தவரைக் கேட்டால், "அதில் என்ன கிடக்கிறது?" என்பார். அதில் என்ன கிடக்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

விக்டோரியா மகாராணி ஆண்ட 1837 முதல் 1901 வரையான காலம், நம் மொழியில் பத்திரிகை பிறந்து நடை பயின்ற காலம். அந்தக் காலத்து வாழ்க்கையை அறியத் தலையங்கங்களைவிட அறிவித்தல் பக்கங்களே நம்பத்தக்க சாட்சி என்பது என் துணிபு. அந்தச் சாட்சியை நாம் நம் கையாலேயே அழித்து வருகிறோம். அதன் விலையை ஆய்வாளர்கள் மட்டும் கொடுக்கவில்லை. காணி உறுதியைத் தொலைத்த வன்னி விவசாயியும் கொடுக்கிறான்.

இந்த அழிப்பு நாம் தொடங்கியதன்று. சார்ல்ஸ் டிக்கன்ஸின் நாவல்கள் பல மாதந்தோறும் சிறு சிறு பகுதிகளாக வெளிவந்தன. 1852, 1853ஆம் ஆண்டுகளில் வந்த 'பிளீக் ஹவுஸ்' அவற்றுள் ஒன்று. ஒவ்வொரு பகுதியிலும் கதைக்கு முன்னும் பின்னும் விளம்பரத் தாள்கள் இருந்தன. புத்தகங்கள், மழைக்கோட்டுகள், மாத்திரைகள் எல்லாம் அவற்றில் விலை கூறப்பட்டன. பகுதிகள் நிறைவடைந்ததும் வாசகர்கள் அவற்றைக் கட்டுவோரிடம் கொடுத்தார்கள். கட்டுவோர் மேலட்டையையும் விளம்பரத் தாள்களையும் பிய்த்து எறிந்துவிட்டுக் கதையை மட்டும் கட்டிக் கொடுத்தார்கள். சஞ்சிகைகளைக் கட்டிய நூலகங்களும் அதையே செய்தன. விளம்பரத் தாள்களோடு கூடிய மூலப் பகுதிகள் இன்று அரும்பொருளாகி, அதே லண்டனில் ஏலத்துக்கு வருகின்றன.

அக்காலத்து ஆங்கில அரசு விளம்பரத்தை அற்பமாக எண்ணவில்லை. 1833 முதல் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஒன்றரை ஷில்லிங் வரி வாங்கியது. 1853இல்தான் அந்த வரி ஒழிந்தது. பத்திரிகைகளும் விளம்பரத்தை முன்வாசலில் வைத்தே போற்றின. லண்டன் 'டைம்ஸ்' 1966 மே 3ஆம் திகதிதான் முதற் பக்கத்தில் செய்தியை வைத்தது. அதுவரை அங்கே விளம்பரமே இருந்தது. சென்னை 'இந்து' 1958 வரை அப்படித்தான் வந்தது. முதற் பக்கத்தில் இருந்ததை வரலாற்றின் கடைசிப் பக்கத்திலும் வைக்க மறுப்பவர்கள் நாம்.

புத்தக விளம்பரங்களிலிருந்து தொடங்குவோம்.

1841 ஜனவரியில் அமெரிக்க மிஷனின் 'உதயதாரகை' யாழ்ப்பாணத்தில் தமிழும் ஆங்கிலமுமாக வெளிவரத் தொடங்கியது. 1849இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். இந்த இரு தரப்புக்கும் இடையே நடந்த சமயப் போரைப் பற்றி நம்மவர் எழுதிய நூல்கள் அலுமாரி கொள்ளாதவை. ஆனால் அந்தப் போரின் படைக்கலம் புத்தகம். புத்தகத்துக்குக் கடதாசி வேண்டும், எழுத்துக் கோப்பவனுக்குக் கூலி வேண்டும், விற்பதற்கு ஆளும் ஊரும் வேண்டும். நாவலர் பாலபாடங்களையும் பெரியபுராண வசனத்தையும் அச்சிட்டு விலைக்கு விற்றவர். அச்சிட்டதைப் பரப்பவும், அச்சிட எண்ணியதற்கு ஆதரவு தேடவும் விஞ்ஞாபனங்கள் வெளியிட்டவர். அக்காலத் தமிழ் நூல்களின் பின்னட்டையில் வரும் 'விற்பனைக்கு உள்ள புத்தகங்கள்' என்ற பட்டியலையும் விலையையும் படித்தால், எந்த நூல் ஏழைப் பிள்ளையின் கைக்கு எட்டியது, எது பிரபுவின் வீட்டோடு நின்றது என்பது விளங்கும். தலையங்கம் இதைச் சொல்லாது.

மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1864 முதல் தமிழிலேயே மேலைநாட்டு மருத்துவம் கற்பித்தார். அங்காதிபாதம், இரணவைத்தியம் என்று நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் மருத்துவ நூல்கள் அவருடைய முயற்சியால் தமிழில் வந்தன. தமிழில் விஞ்ஞானம் கற்பிக்க முடியுமா என்று இன்றைக்கும் மேடை போட்டு விவாதிக்கிறார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் தமிழில் இரணவைத்திய நூல் அச்சேறி மாணவர் கையில் இருந்தது. எத்தனை பேர் வாங்கினார்கள், எந்த விலைக்கு வாங்கினார்கள் என்று தேட வேண்டுமானால் எங்கே போவது? விற்பனைப் பட்டியலுக்கும் விளம்பரத்துக்கும்தான். அவற்றைத்தான் கழித்துக் கட்டிவிட்டோமே.

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை வீரசோழியத்தை 1881இலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும், கலித்தொகையை 1887இலும் பதிப்பித்தார். பதிப்பால் தமக்கு நேர்ந்த பொருளிழப்பைப் பதிப்புரையில் அவரே குறித்திருக்கிறார். அதே 1887இல் உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை வெளியிட்டார். அச்சுக்கு முன்னரே புத்தகம் வாங்க ஒப்புக்கொண்டவர்களிடம் கையொப்பம் சேர்க்க அவர் அலைந்ததை அவருடைய சுயசரிதை படித்தவர்கள் அறிவார்கள். கையொப்பமிட்டோர் பட்டியல் நமக்கு வெறும் பெயர் வரிசையாகத் தெரிகிறது. உண்மையில் அது அன்றைய தமிழ் வாசகர்களின் தேசப்படம். எந்த ஊரில் எந்தத் தொழில் செய்தவர் சிந்தாமணிக்குக் காசு கொடுத்தார் என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் ஆவணம் வேறு இல்லை. மறுபதிப்புப் போடுவோர் முதலில் வெட்டுவது அதைத்தான்.

அடுத்து, கச்சேரி.

இலங்கைத் தமிழருக்குக் கச்சேரி என்றால் இரண்டு பொருள். பாட்டுக் கச்சேரி ஒன்று. அரசாங்க அதிபர் வீற்றிருந்த கச்சேரி மற்றொன்று. முதலாவதை முதலில் பார்ப்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் என்ன ஆட்டம், என்ன பாட்டு நடந்தது? தலையங்கக்காரரை மட்டும் கேட்டால் கிடைக்கும் மறுமொழி ஒன்றுதான். பாதிரிமார் கூத்தையும் சதிரையும் அஞ்ஞானம் என்றார்கள். நாவலரும் கோயிலில் தாசிகள் ஆடுவதைக் கடுமையாகக் கண்டித்தார். ஒருவரையொருவர் எதிர்த்து நின்ற இரு தரப்பாரும் இந்த ஒன்றில் ஒத்துப் போனார்கள். ஆகவே அவர்களின் கட்டுரைகளை மட்டும் வைத்து வரலாறு எழுதினால், அந்த நூற்றாண்டின் கலைஞர்கள் எல்லாரும் குற்றப்பத்திரிகையில் வரும் பெயரற்ற எதிரிகளாகவே நிற்பார்கள். அவர்கள் எந்த ஊர்த் திருவிழாவில், எத்தனையாம் நாள், எந்த உபயகாரரின் செலவில் ஆடினார்கள், வாசித்தார்கள் என்பது எங்கேனும் எஞ்சியிருந்தால், திருவிழா அறிவித்தலிலும் துண்டுப் பிரசுரத்திலும்தான் எஞ்சியிருக்க முடியும்.

நாடகத்துக்கும் இதுவே நிலை. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயிலிருந்து பாரசீக நாடகக் கம்பனிகள் கொழும்புக்கு வந்தன. சிங்கள நூர்த்தி நாடகம் அந்தத் தாக்கத்தில் பிறந்தது. 1891இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் சுகுண விலாச சபையைத் தொடங்கினார்கள். நுழைவுச்சீட்டு என்ன விலை, பெண்களுக்குத் தனி இடம் இருந்ததா, ஆட்டம் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்ற விபரங்களை அறிவித்தல்கள் சொல்லும். ஓர் ஊரின் இரவு வாழ்க்கை முழுவதும் அந்த நாலு வரிக்குள் இருக்கும்.

வெளிநாட்டார் இதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் லண்டனில் நடந்த இசைக் கச்சேரிகள் எல்லாவற்றுக்கும் நாட்குறிப்புப் போல ஒரு தரவுத்தொகுதியை இசை வரலாற்றாசிரியர் சைமன் மக்வே உருவாக்கியிருக்கிறார். அதற்கு அடிப்படை, பத்திரிகைகளில் வந்த கச்சேரி விளம்பரங்கள். விக்டோரியா காலத்தில் 1859 முதல் சென் ஜேம்ஸ் மண்டபத்தில் திங்கட்கிழமை தோறும் நடந்த 'ஜனரஞ்சகக் கச்சேரி'களில் ஒரு ஷில்லிங் கொடுத்துச் சாதாரண மக்கள் உயர்ந்த இசையைக் கேட்டார்கள் என்ற செய்தியும் விளம்பரத்தின் விலைக்குறிப்பு நமக்குத் தருவதே. நம்முடைய நாதஸ்வரக்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் அண்ணாவிமாருக்கும் அப்படி ஒரு நாட்குறிப்பு உண்டா? இல்லை. உருவாக்க மூலமாவது மிஞ்சுமா என்பதுதான் என் கவலை.

இனி மற்றக் கச்சேரிக்கு வருவோம். அங்கே நடந்தது ஏலம்.

விக்டோரியா காலத்து இலங்கை ஏலத்தால் ஆளப்பட்ட நாடு என்று சொன்னால் மிகையாகாது. சாராயக் குத்தகை ஏலம் போனது. முடிக்குரிய காணி ஏலம் போனது. கடனாளியின் வீடும் வளவும் நீதிமன்றக் கட்டளையில் ஏலம் போயின. நம் கடலும் ஏலம் போனது. மன்னார்ச் சிலாபத்துறை முத்துக்குளிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே, எப்போது குளிப்பு நடக்கும் என்று அரசாங்கம் முன்கூட்டியே இலங்கையிலும் இந்தியாவிலும் அறிவித்தல் கொடுக்கும். அதைக் கண்டு கீழக்கரையிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் குளியாட்கள் வருவார்கள். பம்பாயிலிருந்து வியாபாரிகள் வருவார்கள். வெறும் மணற்கரையில் சில வாரங்களுக்கு ஒரு பட்டணம் எழும். எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளியாட்களுக்கு. இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. அரசாங்கப் பங்கு ஆயிரக்கணக்கில் அன்றன்று மாலையே ஏலத்தில் விற்கப்படும். 1891க்குப் பின் 1903 வரை குளிப்பே இல்லை. 1905இல் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா வருமானம் வந்தது. அடுத்த ஆண்டே கரையைக் கம்பனி ஒன்றுக்கு 20 வருடக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் கம்பனியும் நொடித்தது, சிப்பியும் ஒழிந்தது. அந்த அறிவித்தல்களை வரிசையாக அடுக்கினால் ஒரு கடல் எப்படி வழித்தெடுக்கப்பட்டது என்பதன் கணக்கு கிடைக்கும்.

காணி ஏலத்தின் கதை இதைவிடக் கனமானது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை காட்டப்படாத காட்டையும் பயிரிடாத நிலத்தையும் முடிக்குரியது என்று அனுமானித்தது. அந்த நிலம் ஏக்கர் இத்தனை ஷில்லிங் என்ற அடிவிலையோடு ஏல அறிவித்தலாகப் பத்திரிகையில் வந்தது. கோப்பித் தோட்டக்காரர் வாங்கினார்கள். அரசாங்க உத்தியோகத்தரும் வாங்கினார்கள். அந்தக் காட்டை வெட்டித் தோட்டமாக்கத் தமிழ்நாட்டிலிருந்து கூலிகளாக மக்கள் கொண்டுவரப்பட்டார்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்தார்கள்; வழியில் மாண்டவர்களுக்குக் கணக்கில்லை. 1977 கலவரத்துக்குப் பின் அவர்களின் வழிவந்த குடும்பங்கள் பல வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறின. நான் இருந்து எழுதுகிற இந்தத் தர்மபுரத்திலும் அத்தகைய குடும்பங்கள் உண்டு. கொழும்புப் பத்திரிகையில் வந்த ஏல அறிவித்தலிலிருந்து பரந்தன் முல்லைத்தீவு வீதி ஓரத்துக் குடிசை வரை ஒரே கோடு போகிறது. இதையா அற்பம் என்கிறீர்கள்?

கோடு அங்கேயும் நிற்கவில்லை. மகாராணியின் வைரவிழா ஆண்டான 1897இல் தரிசு நிலச் சட்டம் வந்தது. காடு, சேனை, தரிசு என்று கருதும் நிலத்தைப் பற்றி அரசாங்க அதிபர் அறிவித்தல் கொடுப்பார். மூன்று மாதத்துக்குள் எவரும் உரிமை கோராவிட்டால் நிலம் முடிக்குரியதாகிவிடும். அச்சடித்த ஒரு தாள், தொண்ணூறு நாள் மௌனம். அவ்வளவுதான், காணி போய்விடும். அந்தச் சட்டத்தின் வாரிசாக 1931இல் காணி நிர்ணயச் சட்டம் வந்தது. 2025 மார்ச் 28ஆம் திகதி அதே சட்டத்தின் கீழ், அதே மூன்று மாதத் தவணையோடு, வடக்கில் 5,941 ஏக்கர் காணிக்கு வர்த்தமானி அறிவித்தல் வந்தது. யாழ்ப்பாணத்தில் 3,669, முல்லைத்தீவில் 1,703, கிளிநொச்சியில் 515, மன்னாரில் 54 ஏக்கர். எதிர்ப்பு எழுந்தது, உயர் நீதிமன்றத்தில் வழக்கும் வந்தது. ஜூன் மாத இறுதியில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசாங்கம் அறிவித்தலை மீளப் பெற்றது. இம்முறை தப்பினோம். யாரோ சிலர் அந்த அறிவித்தலை வரி விடாமல் வாசித்ததால் தப்பினோம்.

உரிமை கோரச் சொன்னால் எதைக் காட்டுவது? 2009 ஜனவரியில் இந்த வீதியால் கிழக்கு நோக்கிப் போன சனங்களிடம் உறுதிகள் இருந்தன. பையில் இருந்தன, றங்குப்பெட்டியில் இருந்தன, சேலைத் தலைப்பில் இருந்தன. முள்ளிவாய்க்கால் கடந்து மெனிக் பாமுக்குள் போனபோது எத்தனை பேரிடம் அவை மிஞ்சின? இங்கேதான் பழைய பத்திரிகையின் அறிவித்தல் பக்கம் உயிர் பெறுகிறது. நம் பகுதிக் காணி ஏல அறிவித்தலில் காணியின் பெயர் இருக்கும், பரப்பு இருக்கும், நாற்றிசை எல்லையும் எல்லைக் காணிக்காரரின் பெயரும் இருக்கும். மரணசாசன வழக்கு அறிவித்தலில் இறந்தவரின் ஊர், மனுதாரரான கைம்பெண்ணின் பெயர், பிள்ளைகளின் பெயர் இருக்கும். தலையங்கத்தில் ஒருநாளும் இடம் பிடிக்காத பெண்களின் பெயர் அச்சேறியது அந்த மூலையில்தான். இவை உறுதிக்கு ஈடாகா என்பது எனக்குத் தெரியும். ஆனால் உறுதி எரிந்து போனவனுக்குத் துணைச்சாட்சி ஒவ்வொன்றும் பெறுமதியானது.

1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தவர்களைப் பற்றி நாம் பேசாத ஆண்டு இல்லை. பேசத்தான் வேண்டும். ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. 'ஈழநாடு' அலுவலகமும் அதே நாட்களில் எரிந்தது. ஆனால் நெருப்பு வைக்காமல் நாம் அழித்ததற்கு யார் கணக்குச் சொல்வது? நான் வேலை செய்த ஒரு பத்திரிகை அலுவலகத்தில், மாதக் கோப்பைக் கட்டுமுன் விளம்பர இணைப்பிதழ்களை உருவிப் பழைய கடதாசிக்காரனிடம் நிறுத்துப் போடுவது நெடுநாள் வழக்கம். கோப்பு மொத்தமாகிவிடும் என்பது அவர்கள் சொன்ன நியாயம். அந்த இணைப்பிதழ்களில் இடம்பெயர்ந்தவர்களின் மரண அறிவித்தல்களும், தொலைந்த அடையாள அட்டைகளைப் பற்றிய அறிவித்தல்களும் இருந்தன. கடலைச் சுருளாகப் போன அந்தப் பெயர்களை இனி எந்த ஆணைக்குழு தேடி எடுக்கும்?

ஒரு மறுப்பை நான் அடிக்கடி கேட்கிறேன். விளம்பரம் பொய் சொல்லும்; அதை எப்படி வரலாறாகக் கொள்வது என்பார்கள். பொய் சொல்லும்தான். சர்வரோக நிவாரணி என்று அச்சடித்தவன் எல்லாரும் தன்வந்திரி அல்லன். ஆனால் தலையங்கம் மட்டும் அரிச்சந்திரனா? நாற்பது வருடம் தலையங்க மேசைக்கு அருகில் இருந்தவன் சொல்கிறேன், இல்லை. விளம்பரத்தின் பொய்க்கு ஓர் எல்லை உண்டு. மருந்தின் குணத்தைப் புளுகலாம். விலையையும் கடை இருக்கும் தெருவையும் புளுக முடியாது. ஏல நாளைப் பொய்யாகப் போட்டால் ஏலத்துக்கு ஆள் வராது. கருத்து எழுதுபவனுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. இன்னொரு மறுப்பு, இடமும் பணமும் போதாது என்பது. மின்வருடிக்குத் தலையங்கப் பக்கமும் விளம்பரப் பக்கமும் ஒன்றுதான். குறைவாக இருப்பது மதிப்பு.

மதித்தவர்களும் இருக்கிறார்கள். செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, நூல்களோடு நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்தார். அந்தச் சேகரம் 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. பலகை எழுதியவருக்குத் தெரிந்த பெறுமதி, பட்டம் பெற்ற நமக்குத் தெரியவில்லை. ஈழத்தில் 2005 முதல் நூலகத் திட்டம் ஆயிரக்கணக்கான பத்திரிகை இதழ்களை இணையத்தில் யாருக்கும் திறந்து வைத்திருக்கிறது. அந்த உழைப்புக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் அந்த இதழ்களைத் திறக்கும் ஆய்வாளர் என்ன செய்கிறார்? தலையங்கத்தைப் படி எடுத்துக்கொண்டு மூடிவிடுகிறார்.

ஆகவே என் கோரிக்கைகள் எளியவை. பழைய இதழைக் கட்டுவோரும் மின்வருடல் செய்வோரும் மேலட்டையிலிருந்து இணைப்பிதழ் வரை ஒரு தாளும் விடக்கூடாது. உள்ளடக்கப் பட்டியலில் கட்டுரைத் தலைப்போடு நிற்காமல், அறிவித்தல்களில் வரும் ஊர்ப்பெயர், காணிப்பெயர், அச்சகப்பெயர், கலைஞர்பெயர் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் தமிழகத்திலும் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடி அலையும் பிள்ளைகளுக்கு, ஒரு பத்திரிகையின் பத்தாண்டு விளம்பரங்களைப் பிரித்துக் கொடுங்கள். நூறாவது முறையாகத் தலையங்கத்தை ஆராய்வதைவிட அது உருப்படியான வேலை. தொகுப்பு நூல் போடுபவர்கள் ஒரு முழுத் தாளையாவது விளம்பரங்களோடு அப்படியே அச்சிடட்டும்.

கடல் கடந்து வாழும் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. 1980களிலும் 1990களிலும் நீங்கள் கொண்டு போன பெட்டிகளின் அடியில் பழைய பத்திரிகைத் தாள் விரித்திருக்கும். பாட்டியின் தேவாரப் புத்தகத்துக்கு அட்டை போட்டதும் பத்திரிகைத் தாளாகவே இருக்கும். கோயில் நோட்டீசு, ஏல அறிவித்தல், கல்வெட்டு என்று நாம் அழைக்கும் அந்தியேட்டி மலர் எதுவானாலும் எறிந்துவிடாதீர்கள். இரு பக்கமும் படம் எடுங்கள். திகதியும் ஊரும் தெரிந்தால் குறித்து, இணைய நூலகம் ஒன்றுக்கு அனுப்புங்கள். அரைமணி நேர வேலை. அடுத்த மூன்று மாதத் தவணை அறிவித்தல் வரும்போது, யாரோ ஒருவருடைய கிழக்கு எல்லை அந்தத் தாளில் இருக்கக்கூடும்.